பின்சக்கரத்துக்கு ஒரு ஒப்பீட்டுப் பட்டியல்

இன்று எழுதப்போவது கார் பற்றி. மைலேஜ், பெட்ரோல் விலை பற்றியல்ல. காரின் அடியில், பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே, நடுத்தரப் பூசணிக்காய் அளவில் தொங்குகிற இரும்பு உருண்டை ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி. லாரி ஓட்டியவர்களும் டிராக்டர் வைத்திருந்தவர்களும் உடனே புரிந்துகொள்வார்கள். நம்மூர் மெக்கானிக்குகள் அதை டிஃபரன்ஷியல் என்பார்கள். என்னைப்போல் பிரெஞ்சில் படித்தவர்களுக்கு அது திஃபெரான்சியேல். கணக்கு வகுப்பில் நம்மைத் தூங்கவிடாமல் செய்த அதே சொல்தான்.

அது செய்யும் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேர் ஒரே வரிசையாகக் கைகோத்து நடந்துவந்து தெருமுனையில் திரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் இருப்பவர் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே காலை மாற்றி வைப்பார். வெளிப்பக்கம் இருப்பவர் எட்டிப்போட்டு நடந்தால்தான் வரிசை கலையாது. கார் வளைவில் திரும்பும்போதும் இதேதான். வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைந்த தூரம். இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒரு டயர் தேய்ந்து இழுபட்டே தீரும். இரண்டு சக்கரங்களுக்கும் எஞ்சினின் இழுவையைக் கொடுத்து, அதே சமயம் தனித்தனி வேகத்தில் சுற்றவும் விடுவதுதான் டிஃபரன்ஷியல். மோட்டார் கார் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1820-களின் இறுதியில், நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றவர் ஒனேசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர். கடிகார வேலை தெரிந்தவர். பாரிஸில் உள்ள கொன்செர்வத்துவார் தே ஸார் ஏ மெத்தியேயில் பணியாற்றியவர்.

இந்த நல்ல ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் சம அளவு இழுவையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அதற்கு வேண்டிய இழுவை மிகக் குறைவு. மற்ற சக்கரத்துக்கும் அதே குறைந்த அளவுதான் போகும். பாகூர்ப் பக்கம் வயலில் டிராக்டர் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சக்கரம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்றும், மற்றது அசையாமல் நிற்கும். டிரைவர் குதிகாலால் ஒரு பெடலை மிதிப்பார். இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு டிராக்டர் மேலே ஏறிவரும். வயலுக்கு அது போதும். சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற காருக்கு அப்படி முழுப் பூட்டு ஆகாது. முழுக்க விடாமலும் முழுக்கப் பூட்டாமலும் நடுவில் நிற்கிற ஒன்று வேண்டும். 1930-களில் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களில் வளைவின் உள்சக்கரம் வீணாகச் சுற்றியதால் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் அப்படி ஒன்றைச் செய்து கொடுத்தது.

இதற்கு ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் லிமிட்டெட் ஸ்லிப். வழுக்கலை அனுமதிக்கிறோம், ஆனால் ஓர் எல்லைக்குள் என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் அதையே ஓத்தோபிளோக்கான் என்கிறார்கள். தானாகவே பூட்டிக்கொள்வது என்று பொருள். ஒரே பொருள்தான். ஒரு பெயர் வழுக்கலைச் சொல்கிறது, மற்றது பூட்டைச் சொல்கிறது. பிரான்சிலேயே வளர்ந்த என் அக்கா மகன் இரண்டாவது பெயரை மட்டும் கேட்டு வளர்ந்தவன். எவ்வளவுக்கு எவ்வளவு இறுகப் பூட்டுகிறதோ அவ்வளவுக்கு நல்லது என்பது அவன் எண்ணம்.

அவனிடம் 1995-ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த கார். எஞ்சின் முன்னால், இழுவை பின்சக்கரத்தில். 1.8 லிட்டர், 130 குதிரைசக்தி, எடை ஏறத்தாழ ஒரு டன். இந்தக் காலத்துக் கார்களில் இருப்பதுபோல் சறுக்கினால் தானே திருத்திக்கொள்ளும் மின்னணுச் சாதனம் எதுவும் அதில் கிடையாது. அந்த மாடல் 1.8 வண்டிகள் பலவற்றில் டோர்சன் என்ற லிமிட்டெட் ஸ்லிப் கம்பெனியிலேயே போட்டு வந்தது. இவன் வாங்கியதில் சாதாரண டிஃபரன்ஷியல்தான். வருடத்தில் இரண்டு மூன்று நாள் பணம் கட்டிப் பந்தயத் தடத்தில் ஓட்டுவான். மற்ற நாள்களில் வேலைக்குப் போய்வருவதும் அதில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னான்: "மாமா, பின்னாடி ஒரு ஓத்தோபிளோக்கான் போடப்போறேன். ரேஸ் ஓட்டுற சிநேகிதன் ஒருத்தன் தட்டு வச்சதுதான் பெஸ்ட்டுங்கிறான். விலைப்பட்டியல் நாலு அனுப்புறேன், நீங்க கொஞ்சம் பாருங்க. கொட்டேஷன் பாக்குறது உங்களுக்குக் கைவந்த வேலைதானே."

கைவந்த வேலைதான். முப்பது வருடத்துக்கு மேல் கொள்முதல் கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். மேசை நாற்காலியானாலும் ஜெனரேட்டரானாலும், கோப்பில் முதல் தாள் விலைப்புள்ளி அல்ல. தேவை என்ன, யாருக்கு, எங்கே பயன்படும் என்கிற தாள்தான் முதலில் இருக்க வேண்டும். அது இல்லாமல் வந்த ஒப்பீட்டுப் பட்டியலை அதிகாரி திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் அவனிடம் விலையைக் கேட்கவில்லை. "இந்த வண்டியை யார் யார் ஓட்டுறீங்க, எப்போ, எந்த ரோட்டுல? எழுதி அனுப்பு" என்றேன்.

வந்த பதிலில் அவன் அவ்வளவாகப் பொருட்படுத்தாத ஒரு வரிதான் என் கண்ணில் பட்டது. அவன் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். வாரத்தில் இரண்டு இரவு ஷிஃப்ட். அவர்களுடைய பெரிய கார் பிள்ளைகளுக்காக வீட்டில் நிற்க வேண்டியிருப்பதால் அந்த இரவுகளில் இந்த எம்எக்ஸ்-5-ஐத்தான் அவள் எடுத்துப்போகிறாள். நவம்பர் மழையில், பாதி இருட்டில், பன்னிரண்டு மணிநேரம் நின்றுவிட்டு வீடு திரும்புகிறவள். வழியில் ஏழு ரவுண்டானா. பிரான்சுக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே ரோன்-புவான் இல்லாமல் ஐந்து கிலோமீட்டர் போவது கஷ்டம். வருடத்துக்கு மூன்று நாள் பந்தயத் தடம் ஒரு பக்கம். நூறு இரவு மழைச்சாலை மறுபக்கம். தேவைத் தாளில் எதை முதலில் எழுதுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி பட்டியலுக்கு வருவோம். சந்தையில் கிடைப்பவை முக்கியமாக நான்கு வகை.

முதலாவது, இரண்டு சக்கரத்தையும் முழுக்கப் பூட்டிவிடுவது. பழைய டிஃபரன்ஷியலின் பற்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவார்கள். காசு மிகக் குறைவு. வண்டியை வேண்டுமென்றே சறுக்கி ஓட்டும் விளையாட்டுக்காரர்களுக்கு ஏற்றது. சாலையில் ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் கீச்சிடும். வெல்டிங் விட்டுப்போனால் உள்ளே என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. பட்டியலில் முதலிலேயே அடித்துவிட்டேன்.

இரண்டாவது, விஸ்கஸ் வகை. உள்ளே மெல்லிய தட்டுகளும் கெட்டியான சிலிக்கான் திரவமும் இருக்கும். ஒரு சக்கரம் வேகமாகச் சுற்றத் தொடங்கினால் திரவம் அதை இழுத்துப் பிடிக்கும். மென்மையானது, ஆனால் வழுக்கல் தொடங்கிய பிறகுதான் வேலை செய்யும். எம்எக்ஸ்-5 முதலில் 1.6 லிட்டராக வந்தபோது சிலவற்றில் இதுதான் இருந்தது. பழையதாகக் கிடைப்பவை எல்லாம் இப்போது முப்பது வயது தாண்டியவை. திரவம் சோர்ந்துபோயிருக்கும், பிரித்துச் சரிசெய்யவும் வழியில்லை. தவிர, 1.6 வண்டியின் கிரௌன் சக்கரம் ஆறு அங்குலம், 1.8-இல் ஏழு அங்குலம். ஒன்றின் உள்பாகம் மற்றதில் சேராது. விலை மலிவு என்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

மூன்றாவது, சிநேகிதன் சொன்ன தட்டு வகை. குஸ்கோ, ஓஎஸ் கிக்கென் போன்ற ஜப்பானியக் கம்பெனிகள் இதில் பெயர் பெற்றவை. கிளட்ச் தட்டுபோல் உராய்வுத் தட்டுகள் அடுக்காக இருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உள்ளே இருக்கும் சரிவான முகப்புகள் தட்டுகளை நெருக்கி, இரண்டு சக்கரத்தையும் ஒன்றோடொன்று பிணைக்கும். மிதிக்கும்போது மட்டும் பிடிப்பது ஒன்-வே. காலை எடுக்கும்போதும் அதே பலத்தில் பிடிப்பது டூ-வே. இரண்டுக்கும் நடுவே ஒன்றரை-வே என்றும் உண்டு. ஒரு சக்கரம் முழுக்க அந்தரத்தில் தூக்கிக்கொண்டாலும் மற்றதுக்கு இழுவை போகும். அதனால்தான் பந்தயக்காரர்களுக்குப் பிடிக்கிறது. விலையாகக் கொடுக்க வேண்டியவை: கார் நிறுத்துமிடத்தில் மெதுவாகத் திரும்பினால் கடகடவென்ற சத்தம், தனி எண்ணெய், அதை அடிக்கடி மாற்றுவது, தட்டு தேய்ந்தால் மறுபடி பிரித்து வேலை.

நான்காவது, சாய்பல் வகை. உள்ளே தட்டு எதுவும் கிடையாது, சாய்வாக வெட்டிய பற்சக்கரங்கள்தான். இங்கிலாந்தின் குவேஃப் கம்பெனி செய்வது இந்த வகை. டோர்சன் என்பதும் இதே குடும்பம். அமெரிக்கரான வெர்னன் கிளீஸ்மன் என்பவரின் கண்டுபிடிப்பிலிருந்து வளர்ந்தது அது. இழுவை ஏறும்போது பற்கள் பக்கவாட்டில் அழுந்தி உராய்ந்து, பிடிப்புள்ள சக்கரத்துக்கு அதிகப் பங்கைத் தள்ளும். எத்தனை மடங்கு என்பதற்கு ஒரு விகிதம் உண்டு. விகிதம் 2.5 என்று வைத்துக்கொள்வோம். வளைவில் எடை குறைந்த உள்சக்கரம் 200 நியூட்டன்-மீட்டர்தான் தாங்கும் என்றால், சாதாரண டிஃபரன்ஷியலில் இரண்டுக்கும் சேர்த்து 400 கிடைக்கும். இதில் வெளிச்சக்கரத்துக்கு 500 வரை போகலாம், மொத்தம் 700. சத்தமில்லை, சாதாரண கியர் ஆயில் போதும், தேய்வதற்குத் தட்டு இல்லை. ஆனால் ஒரு சக்கரம் முழுக்கத் தூக்கிக்கொண்டால் பூஜ்யத்தின் இரண்டரை மடங்கும் பூஜ்யம்தான். அப்போது அது சாதாரண டிஃபரன்ஷியலாகிவிடும்.

"அதான் மாமா அதோட பலவீனம்" என்றான் அவன்.

உண்மைதான், பந்தயத் தடத்தில். மழைச்சாலையில் இதே விஷயத்தை வேறு பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். ஒரு டயரின் பிடிப்பு நம் மாதச் சம்பளம்போல் அளவானது. முன்னால் தள்ளுவதற்குச் செலவழித்தது போக மிச்சம்தான் வண்டி பக்கவாட்டில் நழுவாமல் காப்பதற்கு. சுற்றிச் சுழல ஆரம்பித்த டயரிடம் அந்த மிச்சம் ஏறக்குறைய இருக்காது. சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் ஈரமான ரவுண்டானாவில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்தால் உள்சக்கரம் மட்டும் சுழலும். எஞ்சின் அலறும், வண்டி வேகமெடுக்காது, ஆனால் வெளிச்சக்கரம் சாலையைப் பிடித்துக்கொண்டிருக்கும். பின்பக்கம் ஓரளவு அதன் இடத்தில் இருக்கும். இறுகப் பூட்டும் டூ-வே தட்டு வகையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிப்பை இழக்கலாம். அப்போது பின்பக்கத்தைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை, வால் வீசிவிடும். கைதேர்ந்த ஓட்டுநர் பட்டப்பகலில் காலியான தடத்தில் அதைத் திருப்பிச் சமாளிப்பார். அவருக்கு அது ஓர் இன்பமும்கூட. இரவு ஷிஃப்ட் முடித்து வருகிற பெண்ணிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

சாய்பல் வகை போட்டால் வால் வீசவே வீசாது என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு சக்கரத்துக்கும் இழுவை போகிற எந்த வண்டியிலும் அளவுக்கு மீறி மிதித்தால் அது நடக்கும். ஆனால் இது படிப்படியாகப் பிடிக்கிறது, படிப்படியாக விடுகிறது. உள்சக்கரத்துக்குப் பிடிப்பே இல்லாமல் போகும்போது வெளிச்சக்கரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகாமல் விட்டுவிடுகிறது. தடத்தில் அரை நொடி இழக்க வைக்கும் அதே குணம், மழையில் பின்பக்கத்துக்கு ஒரு காவல்.

இதை அவனுக்கு இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் போன் செய்தது அவன் மனைவி. "மாமா, நீங்க அனுப்பினதை நானும் படிச்சேன். மழையில அந்த ரோன்-புவான்ல பின்னாடி லேசா நழுவுற மாதிரி ரெண்டு தரம் இருந்துச்சு. இவர்கிட்ட சொல்லல. சொன்னா நான் ஓட்டத் தெரியாம ஓட்டுறேன்னுவாரு" என்றாள். அதற்குமேல் பட்டியலில் வாதாட எதுவும் இல்லை. அவனே சாய்பல் வகைக்கு ஆர்டர் கொடுத்தான். அதற்கு முன்னால் பின் டயர்களைப் பார்க்கச் சொன்னேன். பட்டனில் ஆழம் நிறைய இருந்தது, ஆனால் ரப்பர் எட்டு வருடப் பழையது. ஈரச்சாலையில் காய்ந்துபோன டயரின் குறையை எந்த டிஃபரன்ஷியலாலும் ஈடுகட்ட முடியாது. நான்கு டயரும் புதிதாகப் போட்டபின்தான் வண்டி மேடை ஏறியது.

வாங்குவது பாதி வேலைதான். மாட்டுவதில் தவறினால் நல்ல பொருளும் கெட்டுவிடும். புதிய உருண்டையில் பழைய கிரௌன் சக்கரத்தைப் பொருத்தி, பினியன் பல்லோடு அது எவ்வளவு நெருக்கமாக, எந்த இடத்தில் தொடுகிறது என்று பல்லில் வண்ணம் தடவிப் பார்க்க வேண்டும். தலைமுடி கனத்துக்கு மெல்லிய ஷிம் தகடுகளை மாற்றி மாற்றி வைத்துத்தான் அது சரியாகும். அது சரியில்லை என்றால் வண்டி ஓடும்போது ஊளையிடும், பல் சீக்கிரம் போய்விடும். பேரிங்குகளையும் சீல்களையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது. ஆகவே கூலியையும் சேர்த்துத்தான் விலைப்புள்ளி வாங்க வேண்டும். பழைய வண்டியிலிருந்து முழு உருண்டையாகக் கழற்றி வருவதை வாங்கினால் பல் விகிதத்தையும் கேட்க வேண்டும். 4.1 இருந்த வண்டியில் 4.3 மாட்டினால் ஸ்பீடோ 80 காட்டும்போது உண்மை வேகம் 76தான். கிலோமீட்டர் கணக்கும் தவறாக ஏறும்.

காகித வேலையும் உண்டு, அதை நான் விடுவேனா? பிரெஞ்சுக் காப்பீட்டுச் சட்டத் தொகுப்பின் எல்.113-2 பிரிவின்படி, ஆபத்தைக் கூட்டுகிற புதிய நிலைமை எதுவானாலும் 15 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேண்டுமென்றே மறைத்தது தெரிந்தால் ஒப்பந்தமே செல்லாமல் போகலாம். இந்த மாற்றம் ஆபத்தைக் கூட்டுமா கூட்டாதா என்று நாமே தீர்ப்பு எழுத வேண்டாம், பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டு ரசீதைக் கோப்பில் வை என்றேன். வைத்திருக்கிறான். நம் ஊரிலும் வண்டியை மாற்றியமைப்பதற்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு எல்லை போடுகிறது. பேரப்பிள்ளைகள் கேரேஜில் எதையாவது கழற்றி மாட்டுவதற்கு முன் அதைப் படித்துக்காட்டுங்கள்.

மாட்டி ஒரு மழைக்காலம் போய்விட்டது. தடத்தில் சிநேகிதனைவிடச் சற்று மெதுவாகத்தான் வளைவிலிருந்து வெளியே வருகிறானாம். அவன் மனைவியிடம் வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "வித்தியாசம் ஒண்ணும் தெரியல மாமா, அது பாட்டுக்குப் போகுது" என்றாள்.

கடைசியாக, லிமிட்டெட் ஸ்லிப் உள்ள வண்டி வீட்டில் இருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய ஒன்று. ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டுச் சுற்றிப் பார்க்கக் கூடாது. சாதாரண வண்டியில் தூக்கிய சக்கரம் மட்டும் சுற்றும். இதில் தரையில் இருக்கும் சக்கரமும் இழுக்கலாம், வண்டி ஜாக்கியிலிருந்து குதித்துவிடக்கூடும். பின்பக்கம் இரண்டையும் தூக்கி, உறுதியான ஸ்டாண்ட் கொடுத்த பிறகே எதுவும் செய்ய வேண்டும். பின்னால் வேறு யாராவது வண்டியை வேலைக்கு எடுப்பார்கள் என்பதால், டிஃபரன்ஷியல் மாற்றியிருக்கிறது என்று பானெட்டின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.